பதில் வந்தது, உத்தரவு வரவில்லை

சட்ட உதவி வக்கீலாகச் சிறைக்குள் போய் உட்கார்ந்தால், பேச்சு தொடங்கும் முன்பே காகிதங்கள் நீளும். நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, வேர்வையில் ஊறி, மடிப்போரம் கிழிந்துபோன காகிதங்கள். தீர்ப்பு நகலாக இருக்கும் என்று பிரித்தால் பெரும்பாலும் இருக்காது. கைதி எழுதிய கடிதத்துக்கு நீதிமன்றத்திலிருந்து வந்த பதிலாக இருக்கும். பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது, கோரிக்கையை ஏற்க இயலாது, இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை.

"ஜட்ஜய்யாவே முடியாதுன்னு எழுதிட்டாங்க வக்கீலம்மா. இதுக்கு மேல அப்பீல் இருக்கா?"

உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் பக்கம் நான் தொழில் செய்யும் காலம் முழுவதும் ஏதோ ஒரு சிறையில் யாரோ ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. தவறாக உண்டு என்று சொன்னால், அவர் எதிர்க்க முடியாத ஒரு காகிதத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். தவறாக இல்லை என்று சொன்னால், அவருக்கு இருந்த ஒரே வழியையும் விட்டுவிடுவார்.

என் சீனியர் இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "வாசகத்தை அப்புறம் படிம்மா, மொதல்ல தலையில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாரு." கடிதத்தின் தலையில் ந.க. எண்ணோ டி. எண்ணோ மட்டும் இருந்தால் அது அலுவலகக் கோப்பிலிருந்து வந்தது. அதாவது நீதிமன்றம் தன் நிர்வாகப் பக்கத்திலிருந்து பேசியிருக்கிறது. குற்றவியல் பல்வகை மனு, மேல்முறையீடு, சீராய்வு என்று ஏதாவது ஒரு வழக்கு எண் இருந்தால் அது நீதித்துறைப் பக்கம். முன்னதில் எவ்வளவு பெரிய நீதிபதி கையெழுத்திட்டிருந்தாலும் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. பின்னதை எவ்வளவு சிறிய நீதிமன்றம் பிறப்பித்திருந்தாலும் அதற்கு மேல் ஏதோ ஒரு வழி இருக்கும்.

இதற்குக் காரணம் சட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. மேல்முறையீடு என்பது தானாக முளைக்கும் உரிமை அல்ல, சட்டம் கொடுத்தால்தான் உண்டு. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எல்லா வாசல்களும் மூடிய பின் கடைசியாகத் தட்டும் உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 136-ஆவது கூறு மிகப் பரந்த அதிகாரம் தருகிறது. ஆனால் அதுகூட ஒரு வழக்கிலோ விவகாரத்திலோ பிறப்பிக்கப்பட்ட தீர்ப்பு, தீர்மானம், தண்டனை, உத்தரவு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வழக்கில் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். அவரை முதல் வழக்கில் கைது செய்து சிறையில் வைத்திருந்தபோதே, இரண்டாவது வழக்கில் பி.டி. வாரன்ட் (ஏற்கெனவே சிறையிலிருப்பவரை இன்னொரு வழக்கில் ஆஜர்படுத்தும் உத்தரவு) போட்டு ரிமாண்டு செய்தார்கள். இரண்டிலும் விசாரணைக் கைதியாக ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார். இரண்டிலும் தண்டனை வந்தது. முதல் வழக்கின் தீர்ப்பில் விசாரணைக் காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவதில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. வாரன்டில் இல்லாததை நாங்கள் கழிக்க முடியாது என்று சிறையில் சொல்லிவிட்டார்கள். இப்படிக் கழிப்பதற்குப் பெயர் செட் ஆஃப். அந்தச் சொல்லைச் சிறையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சரியாக உச்சரிப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும் தேதி அதில்தான் இருக்கிறது.

அவர் தண்டனை கொடுத்த நீதிபதிக்கே கடிதம் எழுதினார். கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு என்று தொடங்கி, பக்கத்து பிளாக்கில் இருந்த படித்த கைதி ஒருவர் எழுதிக் கொடுத்தது. பதில் வந்தது. தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் அதில் மாற்றம் செய்ய இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது பதில்.

பதில் சட்டம் பேசியது. கையெழுத்திட்ட தீர்ப்பை, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர, அதே நீதிமன்றம் தொடக்கூடாது என்பது பழைய 362-ஆம் பிரிவு. இன்றைய 403. ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல. 428-ஆம் பிரிவு, இப்போது 468, விசாரணைக் காலத்தைக் கழிப்பது சட்டமே கொடுக்கும் சலுகை. அதைத் தீர்ப்பில் எழுதாமல் விட்டாலும் சட்டம் விட்டுவிடாது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது தீர்ப்பை மாற்றுவதாகவும் ஆகாது. ஒரே காலத்தில் இரண்டு வழக்கிலும் உள்ளே இருந்தவருக்கு இரண்டாவது வழக்கிலும் அந்தக் காலத்தைக் கழிக்கலாம் என்று 2001-இல் நஜாகத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொல்லியிருந்தது.

அந்தக் கடிதத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு போட வேண்டும் என்று என்னுடன் வந்த இளம் வக்கீல் துடித்தார். நான் வேண்டாம் என்றேன். போட்டிருந்தால் கட்டு எஸ்.ஆர். நம்பரை, அதாவது தாக்கலின்போது தரும் தற்காலிக எண்ணை, தாண்டியிருக்காது. எந்த உத்தரவை எதிர்த்து, அதன் சான்றிட்ட நகல் எங்கே என்று கேட்டு ரிட்டர்ன் ஆகியிருக்கும். நகலுக்கு விண்ணப்பித்தால், வழக்கு எண் இல்லாத காகிதத்துக்குச் சான்றிட்ட நகல் கிடையாது. மாதங்கள் போயிருக்கும், அவை அவருடைய மாதங்கள்.

அதற்குப் பதிலாக அதே நீதிமன்றத்தில் முறையான மனு ஒன்றைத் தாக்கல் செய்தோம். ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட கோரிக்கை, மறுபடி எப்படி நிலைக்கும் என்று எழுதித் திருப்பினார்கள். நிராகரித்து எந்த உத்தரவும் இல்லை, அலுவலகக் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது, அரசுத் தரப்பையோ கைதியையோ யாரும் கேட்கவில்லை என்று விளக்கம் எழுதி மறுபடி தாக்கல் செய்தோம். எண் கிடைத்தது. அரசு வழக்கறிஞர் பதில் தாக்கல் செய்தார். நீதிபதி இரு தரப்பையும் கேட்டார், நஜாகத் அலி தீர்ப்பைப் படித்தார், கழித்துக்கொள்ள உத்தரவிட்டார். கடிதத்தில் முடியாது என்றதும் அதே நாற்காலிதான். ஆனால் எண்ணிட்டு, திறந்த நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு எழுந்து நின்று பேசியபோது கேள்வியே வேறாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் கைதிகளிடம் அழுத்திச் சொல்வது இதைத்தான். அப்பீல் செய்ய முடியாத காகிதம் உங்களைக் கட்டவும் முடியாது. கடிதத்தில் நீதிபதி முடியாது என்று எழுதினால், நீங்கள் தோற்றுவிடவில்லை. உங்கள் கோரிக்கை இன்னும் விசாரிக்கப்படவேயில்லை. அதே நீதிமன்றத்தில் மனுவாகப் போடலாம், மேல் நீதிமன்றத்தில் போடலாம், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை, பழைய 482-ஐ, இன்றைய 528-ஐ, நாடலாம். கடிதம் எந்த வழியையும் அடைப்பதில்லை.

ஆனால் அது நேரத்தைத் தின்கிறது. இதுதான் என்னை மிகவும் வருத்துவது.

தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்ய வரையறுக்கப்பட்ட காலம் மிகக் குறுகியது. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 115-ஆவது கூறுப்படி, மரண தண்டனைக்கு 30 நாள். மற்றத் தண்டனைகளுக்கு உயர் நீதிமன்றத்தில் என்றால் 60 நாள், மற்ற நீதிமன்றங்களில் என்றால் 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். இந்த நாட்களுக்குள் கைதி நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறார். நான் குற்றம் செய்யவில்லை ஐயா, மறுபடி விசாரியுங்கள் என்கிறார். அந்தக் கடிதம் சிறை அலுவலகம் வழியாகப் போய், ஒரு மேசையில் தங்கி, இன்னொரு மேசைக்கு நகர்ந்து, பதிலாகத் திரும்பி வரும்போது நாள் கடந்திருக்கும். அவர் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நீதிமன்றத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒருவரை ஒரு மத்தியச் சிறையில் சந்தித்தேன். தண்டனை வந்த சில வாரங்களிலேயே உயர் நீதிமன்றத்துக்கு எழுதியிருந்தார். சாட்சி யார் யார் பொய் சொன்னார்கள், தான் அன்று எந்த ஊரில் இருந்தார் என்று பக்கம் பக்கமாக. அப்பீல் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அதனால் அது குறை மனுக்களோடு சேர்ந்துவிட்டது. நெடுநாள் கழித்து வந்த பதில், சட்டப்படி மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றது. மேல்முறையீடு செய்துகொள்ளச் சொன்னபோது அதற்கான காலம் முடிந்து எவ்வளவோ ஆகியிருந்தது.

சிறையிலிருப்பவர் மேல்முறையீடு செய்ய வக்கீல் வேண்டாம், வக்காலத்து வேண்டாம், ஆளை அனுப்ப வேண்டாம். மனுவையும் நகலையும் சிறைப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் போதும், அவர் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். பழைய 383-ஆம் பிரிவு, புதிய 424. நாங்கள் இதை ஜெயில் அப்பீல் என்போம். எழுத்தில் இருக்க வேண்டும், தீர்ப்பு நகல் இணைக்க வேண்டும் என்பதற்கு மேல் சட்டம் அவரிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நகலையும் இணைக்க வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லலாம். எனவே அவர் எழுதிய அந்தக் கடிதத்தையே ஜெயில் அப்பீலாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டோம். அப்படிக் கொள்ளாவிட்டாலும் அது தாமதத்தை மன்னிக்கப் போதுமான காரணம் என்றோம். சிறையின் அனுப்புகைப் பதிவேட்டில் அந்தக் கடிதம் போன தேதி இருந்தது. அந்த ஒரு பதிவுதான் எங்களைக் காப்பாற்றியது. தாமதம் மன்னிக்கப்பட்டு அப்பீல் கோப்புக்கு எடுக்கப்பட்டது. இன்றும் எந்தச் சிறைக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

தீர்ப்பு நகல் விஷயத்தில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. ஹோஸ்காட் என்ற பல்கலைக்கழக ஆசிரியரின் வழக்கு. நீதிமன்றம் கலையும்வரை மட்டும் அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்திருக்க, உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக்கியது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகல் சிறைக்குப் போனது, அவர் கைக்கு வரவில்லை என்றார். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாகத்தான் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் நகல் கைதியின் கையில் போய்ச் சேர வேண்டும், அவர் பெற்றுக்கொண்டதற்கு எழுத்துபூர்வமான ஒப்புகை வாங்க வேண்டும், வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவருக்கு இலவச உதவி கிடைக்க வேண்டும் என்று வகுத்தார். மேல்முறையீட்டு உரிமை என்பதற்குள்ளேயே இவையெல்லாம் அடங்கும் என்பதுதான் அதன் சாரம். தண்டனைத் தீர்ப்பின் நகலைக் குற்றவாளிக்கு உடனே, கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய 363, இன்றைய 404. இருந்தும் என்னிடம் நீளும் காகிதங்களில் தீர்ப்பு நகல்கள் குறைவு.

சரி, கடிதம் ஜெயில் அப்பீலாக எண்ணிடப்பட்டுவிட்டது. அதில் நீதிபதி கையெழுத்திட்டுத் தள்ளுபடி செய்கிறார். இப்போதுதான் உண்மையிலேயே மேல்முறையீடு செய்யக்கூடிய ஒன்று பிறக்கிறது. இதில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை 384-ஆம் பிரிவு, இப்போதைய 425, விரிவாகச் சொல்கிறது. சிறையிலிருந்து வந்த அப்பீலை, மேல்முறையீட்டுக் காலம் முடியும் முன் சுருக்கமாகத் தள்ளுபடி செய்யக்கூடாது. கைதி தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் தள்ளக்கூடாது. அப்பீல் அற்பமானது என்று நீதிமன்றம் கருதினாலோ, அவரை அழைத்து வருவதில் வழக்கின் தன்மைக்குப் பொருந்தாத சிரமம் இருந்தாலோ மட்டும் விலக்கு. தள்ளுவது அமர்வு நீதிமன்றமோ தலைமைக் குற்றவியல் நடுவரோ என்றால் காரணம் எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டாயத்தைப் பிரிவு எழுதவில்லை. ஆனால் வாதத்துக்கு இடமுள்ள அப்பீலை ஒரே சொல்லில் தள்ளுபடி என்று முடிப்பது சரியல்ல என்று 1953-இலேயே முஷ்தாக் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தப் பிரிவில் நான் மிகவும் மதிக்கும் உட்பிரிவு நான்காவது. கைதி உள்ளிருந்து ஒரு ஜெயில் அப்பீல் அனுப்புவார். அது தெரியாமல் வெளியே அவர் மனைவி நகையை வைத்து ஒரு வக்கீலைப் பிடித்து இன்னொரு அப்பீல் போடுவார். உள்ளிருந்து போனது முதலில் தள்ளுபடியாகிவிடும். பிறகு வக்கீல் போட்டது வரும்போது, இது முடிந்துபோன விஷயம் என்று கதவடைக்க வேண்டாம், நீதி தேவைப்பட்டால் கேட்டு முடிவு செய்யலாம் என்கிறது அந்த உட்பிரிவு. சட்டம் எழுதியவர் யாரோ சிறை வாசலில் காத்திருக்கும் குடும்பங்களை அறிந்தவர் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தள்ளிவிட்டால் அதே கட்டடத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். சிவில் வழக்கில் பழகியவர்கள் கேட்பது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1865-ஆம் ஆண்டு லெட்டர்ஸ் பேட்டன்ட்டின் 15-ஆவது பிரிவு குற்றவியல் அதிகாரத்தில் பிறந்த உத்தரவுகளை அந்த உள்மேல்முறையீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. குற்றவியல் விவகாரத்தில் ரிட் மனுவாகப் போனாலும் இதே நிலைதான் என்று 2017-இல் ராம் கிஷன் ஃபௌஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே அடுத்த படி டெல்லிதான். தமிழில் இருக்கும் சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், கட்டு அனுப்ப வேண்டும், உச்ச நீதிமன்றச் சட்டப் பணிக் குழு அங்கே ஒரு வக்கீலை அமர்த்த வேண்டும். காவலில் இருப்பவர் என்ற ஒரே தகுதி போதும், வருமானச் சான்று வேண்டாம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்வது இங்கே பெரிய துணை.

கடிதமே வழக்காக மாறிய பெரிய வரலாறும் நமக்கு இருக்கிறது. திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியான பிரேம் சந்தைச் சிறைக் காவலர் கொடூரமாகத் துன்புறுத்தியதாக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அது ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதிமன்றம் வக்கீல்களைத் தனக்கு உதவியாக நியமித்தது, சிறைக்கே அனுப்பியது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பு இந்தியச் சிறைச் சட்டத்தின் போக்கையே திருப்பியது. அடுத்த ஆண்டே பிரேம் சங்கர் சுக்லா என்ற கைதியின் தந்தி, கைவிலங்கு பற்றிய தீர்ப்பானது. பெங்களூரு மத்தியச் சிறையிலிருந்து ராமமூர்த்தி என்ற கைதி இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் பிறந்த வழக்கில், நெரிசல், விசாரணைத் தாமதம், சித்திரவதை, உடல்நலப் புறக்கணிப்பு, உறவினர் சந்திப்பு என்று ஒன்பது பிரச்சினைகளை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது.

சுனில் பத்ராவுக்கு அந்த நீதிபதி ஆறுதலாக ஒரு பதில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு குறிப்புப் போயிருக்கும். பிரேம் சந்துக்கு மருத்துவம் கிடைத்திருக்கலாம். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டு கழித்து நான் எடுத்துக் காட்ட ஒரு தீர்ப்பு இருந்திருக்காது. எண்ணிட்டு, அரசைக் கேட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட்டதால்தான் அது யாரும் எடுத்துச் சொல்லக்கூடியதாக, யாரும் எதிர்த்துக் கேட்கக்கூடியதாக ஆனது.

தனி நீதிபதிக்குக் கடிதம் எழுதுவது பற்றி அன்றே ஒரு விவாதம் நடந்தது. கொத்தடிமைகள் பற்றிய 1983-ஆம் ஆண்டு பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் நீதிபதி பதக், கடிதங்கள் நீதிமன்றத்துக்கு எழுதப்பட வேண்டும், தனிப்பட்ட நீதிபதிக்கு அல்ல என்று கவலை தெரிவித்தார். பிறகு மேத்தா வழக்கில் தலைமை நீதிபதி பகவதி, முகவரி முறையாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏழையின் கடிதத்தைத் தள்ளக்கூடாது என்றார். இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகவதி சொன்னது கடிதம் உள்ளே வருவதைப் பற்றி. பதக் கவலைப்பட்டது வந்த பின் அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி. எப்படி வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் திரும்பிப் போகும்போது உத்தரவாகப் போகட்டும். 1988-இல் உச்ச நீதிமன்றம் கடித மனுக்களுக்கு வகுத்த நெறிமுறையிலும் சிறைக் கொடுமை, முன்விடுதலை, 14 ஆண்டு முடித்தும் வெளிவராதது, சிறைச்சாவு ஆகியவற்றைப் பற்றிச் சிறையிலிருந்து வரும் மனுக்கள் தனி இனமாக இருக்கின்றன.

நீதிபதியின் கடிதம் ஒன்று கைதியின் வாழ்வையே முடிவு செய்யும் இன்னொரு இடம் இருக்கிறது. அது கைதிக்கு வருவதில்லை, அரசுக்குப் போகிறது. ஆயுள் தண்டனைக் கைதியை முன்விடுதலை செய்ய அரசு யோசிக்கும்போது, தண்டித்த நீதிமன்றத்தில் பொறுப்பிலிருக்கும் நீதிபதியிடம் கருத்துக் கேட்க வேண்டும். பழைய 432(2), இன்று 473. நம் மாநிலத்திலிருந்து போன ஸ்ரீஹரன் வழக்கில் 2015-இல் அரசியலமைப்பு அமர்வு இந்த நடைமுறை கட்டாயம் என்றது. நடைமுறையில் என்ன நடக்கும்? குற்றம் நடந்து பதினைந்து, இருபது ஆண்டு ஆகியிருக்கும். அன்று தண்டித்த நீதிபதி ஓய்வு பெற்றிருப்பார். இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் கைதியைப் பார்த்ததேயில்லை. குற்றத்தின் தன்மையைக் கருதி விடுதலை உகந்ததல்ல என்று இரண்டு வரி எழுதி அனுப்புவார். அரசு அதை ஒட்டி நிராகரிக்கும்.

அந்த இரண்டு வரியை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அது ஒரு வழக்கில் பிறந்த உத்தரவு அல்ல, கேட்டவருக்குத் தந்த கருத்து. ஆனால் அதை அடிப்படையாக வைத்து அரசு பிறப்பித்த ஆணையை ரிட் மனுவில் தாக்கலாம். தாக்கும்போது அடியில் இருக்கும் கடிதமும் விசாரணைக்கு வந்துவிடும். 2022 ஏப்ரலில் ராம் சந்தர் என்ற சத்தீஸ்கர் கைதியின் வழக்கில் இதுதான் நடந்தது. காரணம் எழுதாமல் சிறப்பு நீதிபதி தந்த கருத்து சட்டம் கேட்கும் கருத்தே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். குற்றம் சமூகத்தைப் பாதிக்கிறதா, மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா, சிறையில் இருந்து இனி என்ன பயன், குடும்பத்தின் நிலை என்ன என்பதையெல்லாம் பார்த்து மறுபடி எழுதச் சொன்னது. இந்தத் தீர்ப்பு வந்த பிறகு, முன்விடுதலை நிராகரிப்பு ஆணை கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது நீதிபதியின் கருத்துக் கடிதத்தைத்தான். அது பெரும்பாலும் ஆணையோடு இணைக்கப்பட்டிருக்காது. தகவல் உரிமையில் கேட்டோ, ரிட் மனுவில் கோப்பை வரவழைத்தோ வாங்க வேண்டியிருக்கும்.

நிர்வாகப் பக்கத்தில் நீதிமன்றமே எடுக்கும் முடிவையும் ரிட் மனுவில் கேள்வி கேட்கலாம். நீதித்துறைப் பக்கத்தில் பிறந்த உத்தரவை அப்படிக் கேட்க முடியாது என்று 1966-இல் மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்கு அப்பீலோ சீராய்வோதான் வழி. சீராய்விலும், இடைக்கால உத்தரவை எதிர்த்துப் போட முடியாது என்ற தடை இருக்கிறது. 1977-இல் அமர்நாத், மது லிமாயே வழக்குகள் அந்தத் தடையின் எல்லையைக் குறுக்கின. ஆனால் ஜாமீன் மறுப்பு அந்தத் தடைக்குள்ளேயே நிற்கிறது. அதற்குச் சீராய்வு போடாமல் மேல் நீதிமன்றத்தில் புதிதாக ஜாமீன் மனுவே போடலாம்.

நீதிபதிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சிறையிலிருந்து வரும் கடிதத்தில் நிவாரணம் கேட்டிருந்தால், தலைமை எழுத்தரிடம் பதில் எழுதச் சொல்லாமல் எண் போடச் சொல்லுங்கள். இரண்டு வரியில் தள்ளினாலும் நீதித்துறைப் பக்கத்தில் தள்ளுங்கள். தள்ள அதிகாரமில்லை, கேட்க வேண்டிய இடம் வேறு என்றால், பதிலின் நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மட்டும் அனுப்பாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். உரிய நீதிமன்றம் எது, எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்று அதிலேயே எழுதுங்கள். மேல்முறையீடு உண்டு என்று தெரியாமல் ஒருவர் சீராய்வு கேட்டு வந்தால் அதை அப்பீலாக எடுத்துக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றத்துக்கு 401(5) அதிகாரம் தருகிறது. புதிய சட்டத்தில் 442. பெயரில் தவறு செய்தவரைச் சட்டம் மன்னிக்கத் தயாராக இருக்கிறது.

சிறைகளில் சட்ட உதவி மையங்களில் உட்காரும் கைதித் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, கடிதத்தின் மேலே என்ன எழுத வேண்டும் என்று எழுதிப் போடுகிறேன். வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, நகல் கைக்கு வந்த தேதி. வரவில்லை என்றால் வரவில்லை என்று. பிறகு, இதை என் மேல்முறையீடாக ஏற்று எண்ணிட வேண்டுகிறேன், தாமதம் இருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன், எனக்கு இலவச வக்கீல் வேண்டும் என்று மூன்று வாக்கியம். கதையெல்லாம் அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். கொடுத்ததும் அனுப்புகைப் பதிவேட்டின் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கித் தன்னிடமுள்ள நகலில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரும் வக்கீலிடம் காட்டும்வரை எந்த முடிவுக்கும் வரக்கூடாது.